தூக்கி விடுகிறவள்

எண்ணெய் காய்ந்துவிட்டது. மீனைத்தான் காணோம்.

ஜோகுபாளையத்தில் ரூபினியின் மீன் வண்டிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் உயிர். மற்ற நாட்களில் விற்பது கரிக்கும் எண்ணெய்க்கும் சரியாகப் போய்விடும். ஞாயிறு என்றால் அல்சூர் ஏரிக்கரை வரை வாசனை போகும். பைக்கை நிறுத்திவிட்டு ஆட்கள் வருவார்கள். அன்றைக்கும் வந்திருந்தார்கள். மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் எலுமிச்சைச் சாறும் குழைத்த மசாலா, தடவ மீனில்லாமல் தட்டிலேயே தோல் கட்டிக்கொண்டிருந்தது.

“இன்னா ரூபி, இன்னிக்கு காத்தைப் பொரிச்சு குடுக்கப் போறியா?” என்றாள் பக்கத்து வீட்டு மௌரீன். வண்டிக்கு முன்னால் கிடக்கும் ஸ்டூல் எப்போதும் அவளுடையது. கான்வென்ட் ஸ்கூலில் ஆயா வேலை. தெருவில் எது நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்ளும் வேலை அதற்கும் மேலே.

“வந்துடுவாரு.”

“ஏரில மீனைத்தான் புடிக்கிறானா, இல்ல வேற எதாவதா?”

ரூபினி அடுப்பைத் தணித்தாள்.

விளக்குப் போடும் நேரத்துக்குப் புருஷன் முனிராஜின் டி.வி.எஸ் வந்தது. பின்னால் கட்டியிருந்த கூடையில் பாதிதான் இருந்தது. அதிலும் பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. ஆனால் ரூபினி பார்த்தது கூடையை இல்லை. அவனுடைய தலைமுடியில் மணல் இருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது; வீட்டு வாசல் வந்ததும் அதைத் துடைக்க மறந்துவிட்டிருந்தான்.

“எங்கயா போயிருந்தே?”

“ஏரிலதான்.”

“ஏரில இன்னா பண்ணிட்டு இருந்தே இவ்ளோ நேரம்?”

“ஒண்ணுமில்ல. காத்து நல்லா இருந்துச்சு.”

சொல்லிவிட்டுச் செதில் தேய்க்க உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் ஒருமுறை தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான். அந்தப் பார்வை ரூபினிக்குத் தெரியும். பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

*

சாப்பிடும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

கே.ஆர்.புரம் தாண்டி, பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஹொன்னகெரே ஏரி. அதை மீனுக்கு ஏலம் எடுத்த காண்டிராக்டரிடம் முனிராஜுக்கு வேலை. பரிசலில் போய் வலை விரிப்பது, காலையில் வலை எடுப்பது, பகலில் காவல் இருப்பது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் அது. எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் ஞாயிறானால் வண்டி எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றியிருக்கிற மலை, பாறை, தண்ணீர் எதையும் விடுவதில்லை. அப்படி ஒரு கூட்டம் ஹொன்னகெரேக்கு வந்திருந்தது.

“காத்தாடி எடுத்துட்டு வந்தாங்கடி. நம்மூரு காத்தாடி இல்ல. ரெண்டு ஆட்டோவை ஒட்டி வெச்சா எவ்ளோ, அவ்ளோ நீளம். பம்பு வெச்சு காத்தடிக்கிறாங்க. நாலு கயிறு. இடுப்புல பட்டை. கால்ல பலகை. காத்தாடி இழுக்க, தண்ணி மேல நிக்கணுமாம்.”

“நின்னாங்களா?”

“எங்க நிக்கிறது. பரத்துனு ஒரு பையன், துபாய்லருந்து வந்த ஃப்ரெண்டுகிட்ட பழசு வாங்கினானாம். சி.டி பாத்து கத்துக்கிட்டானாம். காத்தாடி நேரா நம்ம வலைக் கம்பு மேல. ஒரு வலை கிழிஞ்சுது. அடுத்த தடவை அந்தப் பையனையே இழுத்துனு போய் துணி தொவைக்கிற கல்லு பக்கத்துல போட்டுச்சு. கொஞ்சம் தவறியிருந்தா மண்டை காலி. காண்டிராக்டர் போன் பண்ணி, தொரத்தி வுட்ரான்னாரு.”

“தொரத்துனியா?”

முனிராஜ் சோற்றைப் பிசைந்தான்.

“தொரத்தத்தான் போனேன். கரைல படுத்திருந்த காத்தாடியைக் கையில புடிச்சேன். அது துடிக்குது ரூபி, கோழியைப் புடிச்ச மாரி. தர்ஷினி சொல்லிச்சு, நீங்க புடிச்சிருக்கறப்போ சும்மா இருக்குது, நாங்க புடிச்சா இருக்க மாட்டேங்குதுன்னு.”

“தர்ஷினி யாரு?”

“அந்தக் கூட்டத்துல ஒரு பொண்ணு. ஈரோட்டுக்காரங்க. கம்ப்யூட்டர் வேலை. எல்லாரும் பயந்து தள்ளி நிக்கறாங்க, இது மட்டும் வுழுந்து வுழுந்து எழுந்திருக்குது. சக்கத் தைரியம்.”

ரூபினி குழம்பை ஊற்றினாள். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினாள். அவன் கவனிக்கவில்லை.

*

ஆடி பிறந்தால் பெங்களூரில் மேற்கிலிருந்து காற்று வரும். மழை வருவதுபோல இருட்டும். நாலு தூறல் போட்டுவிட்டுக் காற்று மட்டும் நிற்காமல் அடிக்கும். ஜோகுபாளையத்து மொட்டைமாடிகளில் காத்தாடி ஏறுகிற காலம் அதுதான்.

முனிராஜ் கல்யாணத்துக்கு முன்னால் அந்தத் தெருவின் காத்தாடிக்காரன். ரூபினி எதிர்வீட்டுப் பெண். காத்தாடி விட ஒருத்தன் போதாது. இன்னொரு ஆள் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, காற்று போகிற பக்கமாக நேரே நடந்து போகவேண்டும். நூல் விறைப்பாகும் தூரத்தில் திரும்பி, இரண்டு காதையும் பிடித்துத் தலைக்குமேல் உயர்த்தி, காற்று தள்ளுகிற அந்த நொடியில் மேலே எறியவேண்டும். தூக்கி விடுகிறது என்பார்கள். ரூபினி தூக்கிவிட்டால் இரண்டாம் தடவை வேண்டியதில்லை. முனிராஜ் அவளிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தையே, “இன்னும் நாலடி பின்னால போ” என்பதுதான்.

காத்தாடி மேலே போனபிறகு அவள் ஓடிவந்து அவன் பின்னால் நூலுருளையைப் பிடித்துக்கொள்வாள். எதிரியின் நூல் வந்து விழுந்து அழுத்தும்போது இழுத்தால் அறுந்துபோகும், விட்டுக்கொடுக்கவேண்டும். அவன் கண் வானத்தில் இருக்கும், நூல் அழுந்துவது உருளை பிடித்தவளுக்குத்தான் முதலில் தெரியும். “டீல்” என்று கத்துவாள். அவன் யோசிக்கமாட்டான். அவள் குரல் காதில் விழுந்ததும் கை தானாகத் திறந்துவிடும்.

தெருவில் பேர் என்னவோ அறுத்தவனுக்குத்தான். தூக்கி விட்டவளை யாரும் கேட்கமாட்டார்கள். ரூபினி அதைப்பற்றி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்த இடம் தன்னுடையது என்று இருந்தது, அவ்வளவு போதும். பிறகு கல்யாணம், மகள் உஷா, மீன் வண்டி. காத்தாடி பரண்மேல் போனது.

இப்போது அந்த இடத்தில் வேறொருத்தி நிற்கிறாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் அது நிச்சயமாகத் தெரிந்தது. “தர்ஷினி சொல்லிச்சு” என்று சொல்லாமல் அவனால் தண்ணீர்கூடக் குடிக்க முடியவில்லை. காற்றின் வேகத்துக்கு எண் இருக்கிறது என்று தர்ஷினி சொல்லிற்று. அவல் உப்புமாவில் எலுமிச்சை பிழிந்தால் நன்றாக இருக்கும் என்று தர்ஷினி சொல்லிற்று. உஷா ஒருநாள் வெள்ளிக் காகிதம் சுற்றிய சாக்லேட்டை நக்கிக்கொண்டு வந்தாள்.

“ஏது?”

“அப்பா குடுத்துச்சு. தர்ஷினி அக்கா எனக்குன்னே குடுத்து வுட்டாங்களாம்.”

“அக்காவாம். நீ பாத்தியா அவளை?”

“இல்ல. அப்பாதான் சொல்லிச்சு, ரொம்ப நல்ல அக்கான்னு.”

மௌரீன் ஸ்டூலில் இருந்தபடியே, “குழந்தைக்கு சாக்லேட் குடுத்தா அம்மாவுக்கு என்னா குடுப்பாங்கனு தெரியும்ல ரூபி?” என்றாள்.

“என்னா குடுப்பாங்க?”

“டாட்டா.”

ரூபினி அன்று ஒரு முழுக் கட்லாவைக் கருகவிட்டாள். அந்தத் தவாவில் அதுவரை அப்படி நடந்ததில்லை.

*

“வர ஞாயித்துக்கிழமை நானும் ஏரிக்கு வர்றேன்.”

முனிராஜ் பல் விளக்கிக்கொண்டிருந்தான். நுரையோடு திரும்பினான். “எதுக்கு?”

“காத்து வாங்க. ஏன், உனக்கு மட்டும்தான் வீசுமா அந்தக் காத்து?”

உஷாவை மௌரீனிடம் விட்டுவிட்டு, எலுமிச்சைச் சோறும் வறுத்த மீனும் தூக்கில் கட்டி, டி.வி.எஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து போனாள். கல்யாணத்துக்குக் கட்டிய ஊதாப் புடவை. மசாலா வாசனை விரலில் இருக்கக்கூடாது என்று எலுமிச்சைத் தோலால் தேய்த்திருந்தாள்.

ஏரிக்கரை மேட்டில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. வடக்குக் கரையில் தண்ணீர் வற்றி அகலமாக மணல். அந்த மணலின் கிழக்குக் கோடியில் கல் அடுக்கிய கரை. நடுவில், துணி துவைக்கிறவர்களும் மாடு ஓட்டுகிறவர்களும் நடக்கிற தடத்தின் குறுக்கே, நாலு கயிறுகளை நீட்டிப் போட்டுவிட்டு யாரையும் காணோம்.

துவைக்கிற கல்லில் நின்ற சின்னத்தாயி கத்திக்கொண்டிருந்தாள். “ஏய் சாமிங்களா, இது ஏரியா, ஏர்போர்ட்டா? என் மாட்டுக் கால்ல சுத்திக்கிச்சுன்னா யாரு வந்து எடுப்பா? முனிராஜு, கேளு உன் ஆளுங்களை.”

“என் ஆளுங்க இல்ல சின்னத்தாயி.”

“ஆமாமா. வாராவாரம் அந்தப் பொண்ணு இடுப்புல பட்டை கட்டி வுடுறே. ஆளு இல்லையாம்.”

சொன்ன பிறகுதான் பின்னால் இருந்த ரூபினியைப் பார்த்தாள். துணியை இரண்டு அடி பலமாக அடித்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

காருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். வெயிலில் மூக்கு தோலுரிந்திருந்தது. முழங்கால் இரண்டிலும் காயம். அழகி என்று சொல்ல முடியாது. ரூபினிக்கு அது ஆறுதலாக இல்லை. அழகியாக இருந்தால் காரணம் புரிந்திருக்கும்.

“முனி, காத்து பதினெட்டு. செமயா இருக்குதுங்க. இவங்க...?”

“வூட்ல” என்றான் முனிராஜ்.

“அக்காவா? வாங்கக்கா. முனி நீங்க வர்றதா சொல்லவே இல்லீங்களே.”

முனி. ரேஷன் கடையிலும் ஸ்கூலிலும் ரூபினி அந்தப் பேரை முழுசாகச் சொல்லியிருக்கிறாள். அவனைப் பார்த்து ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இவள் அதைப் பாதியாக ஒடித்து, வேர்க்கடலை மாதிரி வாயில் போட்டுக்கொள்கிறாள். ஆபீஸில் எல்லாரையும் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது ரூபினிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் எரிந்திருக்கும்.

அன்று காலை முழுக்க அவள் கரையில் உட்கார்ந்து பார்த்தாள். பரத் என்கிற பையன் காத்தாடியை ஏற்றினான், விழுந்தான், ஏற்றினான். ஒருமுறை பலகைமேல் ஏறி நின்று ஏரிக்கு நடுவே போய்விட்டான். திரும்பி வரத் தெரியவில்லை. முனிராஜ் பரிசலைத் தள்ளிக்கொண்டு போய் ஈரக்கோழி மாதிரி அவனை ஏற்றிவந்தான். தலைக்கவசம் ஒன்றுதான் இருந்தது. அதையும் வெயில் என்று கழற்றிக் காரின்மேல் வைத்திருந்தார்கள்.

தர்ஷினியின் முறை வந்தது. முனிராஜ் குனிந்து அவள் இடுப்புப் பட்டையின் கொக்கியை இழுத்துப் பார்த்தான். பிறகு காத்தாடியை எடுத்துக்கொண்டு போனான். தண்ணீரோரமாக, பக்கவாட்டில் போய் நின்றான். அவள் கட்டைவிரலைக் காட்ட, எறியாமல் சும்மா கையை விட்டான். காத்தாடி ஓரமாக மெல்ல ஏறியது. அவள் நாலு அடி போய் விழுந்தாள். விழுந்துகொண்டே சிரித்தாள். அவனும் சிரித்தான். ஏரி முழுக்கக் கேட்கிற சிரிப்பு.

முனிராஜ் ஒருத்திக்குத் தூக்கி விடுகிறான். ரூபினி மணலில் விரலால் குழி தோண்டிக்கொண்டே இருந்தாள்.

சாப்பிடும்போது தர்ஷினி மீனை முள் எடுக்காமல் கடித்தாள். “அக்கா, இப்படி ஒரு மீனு நான் சாப்பிட்டதே இல்லீங்க. ரெசிப்பி சொல்லுங்க.”

“அதெல்லாம் கையில கீது. சொன்னா வராது.”

“அப்ப கத்துக்கொடுங்க.”

“எல்லாத்தையும் கத்துக்கணுமா நீ?” என்றாள் ரூபினி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முனிராஜ் மட்டும் சோற்றிலிருந்து தலை தூக்கிப் பார்த்தான்.

பரத் கை துடைத்துக்கொண்டு எழுந்தான். “முனி, எத்தனை நாள் எங்களுக்கே ஹெல்ப் பண்ணுவீங்க? இன்னிக்கு நீங்க கட்டிக்கோங்க. தண்ணிக்குள்ள வேண்டாம். மணல்ல நின்னு சும்மா ஏத்தி இறக்குங்க.”

முனிராஜ் ரூபினியைப் பார்க்கவில்லை. காத்தாடியைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத முகம் அது.

தர்ஷினி பட்டையை அவன் இடுப்பில் மாட்டிவிட்டாள். “இழுத்துச்சுன்னா கையை விட்டுடோணும் முனி. அவ்வளவுதான். பிடியை விட்டா காத்தாடி செத்துரும். ஞாபகம் இருக்குதுங்களா?” பிறகு காத்தாடியைத் தூக்கக் குனிந்தாள்.

“இங்க குடு” என்றாள் ரூபினி.

“அக்கா?”

“நான் தூக்கி வுடுறேன்.”

“இது கொஞ்சம் வேற மாதிரிங்க அக்கா...”

“கல்யாணத்துக்கு முன்னாலருந்து இவருக்கு நான்தான் தூக்கி வுடுறேன். நீ பொறக்கறதுக்கு முன்னாலனு வெச்சுக்கயேன். குடு.”

தர்ஷினி முனிராஜைப் பார்த்தாள். அவனுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்கத் தெரியவில்லை. “குடுங்க. அவளுக்குத் தெரியும்” என்றான்.

“சரிங்க. அங்க, தண்ணியோரமா நில்லுங்கக்கா. அவர் கட்டைவிரல் காட்டினதும் சும்மா விட்டுடுங்க.”

ரூபினி காத்தாடியை மார்போடு வாங்கிக்கொண்டாள். அது உண்மையில் துடித்தது. புடவையைச் செருகிக்கொண்டு நடந்தாள். தண்ணீரோரமாகத்தான் புறப்பட்டாள். ஆனால் அவள் கால்களுக்கு ஒரு வழிதான் தெரியும். காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, தள்ளிய பக்கமே நேராகப் போனாள். கயிறு விறைத்ததும் திரும்பினாள். எதிரே நேர்க்கோட்டில் அவன், கால் அகட்டி, பழைய முனிராஜ் மாதிரியே நின்றான். அவனுக்கும் அவள் நின்ற இடம் சரியாகத்தான் தெரிந்தது. எத்தனை வருஷம் பார்த்த இடம்.

கட்டைவிரலைக் காட்டினான்.

“அக்கா, வேண்டாம். அங்க இல்ல, இந்தப் பக்கம் வாங்க” என்று தர்ஷினி தண்ணீரோரத்திலிருந்து கத்தியது ரூபினிக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. என் புருஷனுக்கு நான் எங்கே நிற்கவேண்டும் என்று நீ சொல்கிறாயா என்று ஒரு நெருப்பு உச்சிக்கு ஏறியது. காற்று தள்ளிய நொடியில், இரண்டு கையாலும் காத்தாடியைத் தலைக்குமேல் எறிந்தாள்.

படார் என்று ஒரு சத்தம். கப்பல் பாய் விரிந்தாற்போல.

முனிராஜ் நின்ற இடத்தில் அவன் இல்லை. காற்றில் இருந்தான். ஓர் ஆள் உயரம் தூக்கிய காத்தாடி அவனை மணலில் தோள்பட்டை அடிபட எறிந்தது. எறிந்துவிட்டு இழுத்தது. வயிறு தேய, மணலைக் கிழித்துக்கொண்டு அவளை நோக்கி வந்தான். அவளைத் தாண்டினால் கல்லடுக்கிய கரை.

“கையை விடுங்க முனி. விடுங்க. விடுங்க.” பரத் ஓடிவந்தான். தர்ஷினி ஓடிவந்தாள்.

அவன் விடவில்லை. காத்தாடி தலைகீழாக விழப்பார்த்தால் ஜோகுபாளையத்தான் என்ன செய்வான்? இழுப்பான். இழுத்தால்தான் நிமிரும். இந்தக் காத்தாடியோ இழுக்க இழுக்க வெறி பிடித்தது. விழப்பார்க்கும் காத்தாடியை விடுவது என்பது அவன் கைக்குத் தெரியாது. ‘விடுங்க’ என்கிற வார்த்தை அவன் காதுவரைதான் போயிற்று.

அவள் காலருகே உரசிக்கொண்டு போனான். முகத்தில் மண். கண் வானத்தில்.

ரூபினிக்கு எதுவும் யோசிக்க நேரமில்லை. தொண்டை மட்டும் திறந்தது.

“டீல்.”

கை திறந்துகொண்டது. கேட்ட மாத்திரத்தில், பழைய நாள் மாதிரியே.

காத்தாடி ஒருமுறை உதறிக்கொண்டு, ஈரத்துணியாக மடங்கி விழுந்தது. முனிராஜ் உருண்டு நின்றான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் முதல் கல் இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் காரை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். கட்டுப்போட உள்ளே கூட்டிப்போனார்கள். வெளியே பெஞ்சில் ரூபினியும் தர்ஷினியும் உட்கார்ந்தார்கள். பரத் மருந்துக்கடைக்குப் போயிருந்தான். ரூபினியின் புடவை முழுக்க மணல்.

கட்டோடு வெளியே வந்தவன் முதலில் சொன்னது, “என் தப்புதான். நான்தான் சரியா நிக்கல.”

“நீ சும்மா இருய்யா” என்றாள் ரூபினி.

தர்ஷினி தன் முழங்கால் காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அக்கா, நான் கத்துனது உங்களுக்குக் கேக்கலீங்களா?”

முனிராஜ் அவசரமாக, “அந்தக் காத்துல எங்க கேக்கும்” என்றான்.

“கேட்டுது” என்றாள் ரூபினி.

தர்ஷினி காயத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எம்மேல கோவமுங்களா அக்கா?”

“அப்போ இருந்துச்சு.”

“இப்போ?”

“இப்பவும் கொஞ்சம் கீது.”

தர்ஷினிக்குச் சிரிப்பு வந்தது, அதைத் தொடர்ந்து அழுகையும் வந்தது. “தப்பு எங்களுதுங்க. எங்களுக்கே தெரியாது. தெரியாத விஷயத்தை இவரு இடுப்புல கட்டி விட்டோம். கல்லுல போயி இடிச்சிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்.”

“அழுவாதே” என்று ரூபினி முந்தானையை உதறிக் கொடுத்தாள். மணல்தான் கொட்டியது. “எனக்கு இன்னா ஆயிருக்கும், அதைச் சொல்லு மொதல்ல.”

முனிராஜ் கட்டுப்போட்ட தோளோடு ஒருத்தியை மாற்றி ஒருத்தியைப் பார்த்தான். இரண்டு பேரும் அவனைப் பார்க்கவில்லை.

*

அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் காத்தாடி ஏறவில்லை. முனிராஜ் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். மௌரீன் தன் இடம் போனதற்கு அவனைத் திட்டிக்கொண்டே நின்றாள். ஏரியில் கூட வேலை செய்யும் பச்சைமுத்து, மீனைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனான். புருஷன் முழுசாகக் கண்ணெதிரில் இருந்தான். ரூபினிக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கவேண்டும்.

இருந்தது. ஆனால் தவாவில் மீனைத் திருப்பும்போது உள்ளங்கையில் அந்தத் துடிப்பு திரும்பத் திரும்ப வந்தது. கோழியைப் பிடித்த மாதிரி என்று அவன் சொன்னது சரிதான். பொய் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை தர்ஷினி வண்டிக்கு வந்தாள். மீன் வாங்கினாள். காசு வேண்டாம் என்றதும் சண்டை போட்டுக் கொடுத்தாள்.

“அக்கா, பாம்பேலருந்து கத்துக்கொடுக்கறவர் ஒருத்தர் வந்திருக்காருங்க. இனிமே அவர் சொன்னபடிதான். ஹெல்மெட் இல்லாம யாரும் கிட்ட வரக்கூடாது. கல்லுக்கரைப் பக்கம் கயிறே போடக்கூடாதுன்னுட்டாரு. பரத்தைப் போட்டு திட்டினாரு பாருங்க, எனக்கே பாவமா இருந்துச்சு.”

“நல்லதாப் போச்சு. இவரு தோளு சரியாகட்டும், வருவாரு” என்றாள் ரூபினி.

முனிராஜ் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். “இன்னும் கொஞ்ச நாள்ல கட்டு பிரிச்சுடுவாங்க.”

“இவரைக் கூப்பிட வரலீங்க” என்றாள் தர்ஷினி. “உங்களைக் கூப்பிட வந்தேன். எனக்கு காத்தாடி பிடிக்க ஆளு வேணும். அன்னிக்கு நீங்க நின்ன இடம்தான் தப்புங்க, காத்துக்கு நேரா நின்னு விட்டா இது ஒரேயடியா இழுத்துரும். பிடிச்ச பிடி தப்பில்ல. அந்த பாம்பேக்காரர்கிட்ட சொன்னேன், கூட்டிட்டு வாங்கன்னாரு.”

மௌரீன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள்.

“அவ எப்படி வருவா? வண்டி யாரு பாக்கறது?” என்றான் முனிராஜ்.

“ஏன், உனக்கு ஒரு கை நல்லாத்தானே கீது” என்றாள் ரூபினி.

அடுத்த நாள் சாயங்காலம் எண்ணெய் காய்ந்துவிட்டது. மீன் வந்துவிட்டது. ரூபினியைத்தான் காணோம்.

முனிராஜ் ஒற்றைக் கையால் மீனைத் தடவினான், போட்டான், கருக்கினான். ஒவ்வொரு கார் ஹாரனுக்கும் தெருமுனையைப் பார்த்தான்.

“இன்னா மேன், காத்தைப் பொரிக்கிறியா?” என்றாள் மௌரீன்.

“கம்முனு இரு மௌரீன்.”

விளக்குப் போடும் நேரத்துக்கு தர்ஷினியின் கார் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ரூபினி இறங்கினாள். உள்ளே எதற்கோ இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பை முழுசாகத் துடைக்காமலேயே வந்தாள். தலைமுடியில் மணல். புடவை முட்டிவரை ஈரம். இடுப்பில், புடவைக்கு மேலேயே, பட்டை இறுக்கிய சுருக்கம் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிந்தது.

முனிராஜின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“உன்னையும் கட்டி வுட்டாங்களா?”

ரூபினி குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துக் கை கழுவினாள்.

“யாரு தூக்கி வுட்டது? அந்தப் பொண்ணா? எவ்ளோ நேரம் மேல இருந்துச்சு? ரூபி, உன்னைத்தான் கேக்கறேன். இன்னா பண்ணிட்டு இருந்தீங்க இவ்ளோ நேரம்?”

அவள் அவன் கையிலிருந்து கரண்டியை வாங்கி, கருகிய துண்டை ஓரமாக ஒதுக்கினாள். புதுத் துண்டை எண்ணெயில் விட்டாள். அது சத்தம் போட்டு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைத் தூக்கி ஒருமுறை வானத்தைப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லய்யா” என்றாள். “காத்து நல்லா இருந்துச்சு.”